வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு

என் பிக்கப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். பழைய கட்டிலில் கனமான ஆள் புரண்டு படுத்தால் வருமே, அந்த மாதிரி. மேடு பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கும்போது மட்டும் கேட்கும், வேகமாகப் போனால் கேட்காது, நிறுத்திவிட்டு பம்பரைப் பிடித்து ஆட்டினால் மறுபடி கேட்கும். பின் ஆக்சில் மேல் வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டால் இப்படித்தான் கத்தும் என்று பிக்கப் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சிக்கல் என்னவென்றால் அந்தப் புஷ்ஷை மாற்றி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மாற்றியது வேறு யாரும் இல்லை, நான்தான். சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வைத்த அளவு முறுக்கு வந்ததும் டிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச்சில் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து, புத்தகம் சொன்னதற்குக் கூடாமல் குறையாமல் முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த வேலை.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி ஒரு மெக்கானிக் அண்ணனிடமிருந்து வந்தது. அவர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அவர் வேலை பார்க்கும்போது பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தால் விரட்டமாட்டார், அவ்வளவுதான். மேனுவல் கைக்கு வந்த புதிதில் பெருமையாகக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைக்காமலே நாலு பக்கம் புரட்டினார். “தம்பி, புக்கைப் பார்த்து சமைக்கலாம். வண்டி வேலை பார்க்க முடியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேலியும் இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். கேலியாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து வருஷக்கணக்கில் அவரோடு மனசுக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். ஒரு வேலை ஒழுங்காக முடிந்தால் “பார்த்தீங்களா அண்ணே” என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். இந்தச் சத்தம் வந்த அன்று அவர் வாயைத் திறக்காமலே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

மேனுவல் யாரோடு பேசுகிறது

வண்டியோடு வரும் ஓனர் மேனுவலைப் பற்றி நான் பேசவில்லை. அது டயர் காற்று எவ்வளவு என்பதைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் சர்வீஸ் மையத்துக்குப் போ என்று சொல்லிவிடும். சர்வீஸ் மேனுவல் அந்த மையத்தில் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறவருக்காக எழுதியது. நம்மைப் பார்த்து அது பேசவே இல்லை. இன்னொருவர் காதில் சொல்வதை நாம் ஒட்டுக்கேட்கிறோம். அதனால்தான் முதல் சில மாதங்கள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு பக்கம் முழுக்க வெடித்துச் சிதறிய மாதிரி ஒரு படம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு எண், சிலவற்றுக்குப் பக்கத்தில் கறுப்பு வைர அடையாளம். அந்த வைரம் ஏதோ முக்கியமான பாகத்தைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ‘மறுபடி பயன்படுத்தக் கூடாதது’ என்று அதற்கு அர்த்தம் என்பது முன்னுரையில் இருந்தது, முன்னுரையை யார் படிக்கிறார்கள். அப்புறம் எஸ்எஸ்டி என்று அடிக்கொரு தடவை வரும். அந்தக் கம்பெனி தன் ஆட்களுக்கு மட்டும் செய்து கொடுக்கும் தனிக் கருவி அது. அது இல்லாமல் என்ன செய்வது என்று மேனுவல் சொல்லாது. அதன் வாசகரிடம் அது இருக்கிறதே.

விட்டுவிடுவதில் சர்வீஸ் மேனுவலை மிஞ்ச ஆள் கிடையாது. ‘ஷேக்கிளைக் கழற்றவும்’ என்று ஒரு வரி இருக்கும். பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டிச் சட்டமான சேஸிஸோடு இணைக்கும் துண்டு அது. பதினைந்து வருஷம் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடிய வண்டியில் அந்த ஒரு வரி அரை நாள் ஆகும், ஒரு ஹேக்ஸா பிளேடு போகும், ஒரு விரல் நகமும் போகலாம். பொருத்துவதைப் பற்றிக் கேட்டால் கழற்றியதைத் தலைகீழாகச் செய் என்று முடித்துவிடும். ஜான் ஹேன்ஸ் என்கிற ஆங்கிலேயர் 1966-ல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்குத் தன் முதல் கையேட்டை வெளியிட்டார். ஒரு வண்டியை நிஜமாகவே பிரித்து, மறுபடி பூட்டி, படம் எடுத்து எழுதுவது அவருடைய வழி. சொந்தமாக ரிப்பேர் பார்க்கிறவனை மனதில் வைத்து எழுதிய அந்த வரிசைப் புத்தகங்களிலேயே ‘தலைகீழ்’ என்கிற அந்த வாக்கியம் கேலிப்பொருள் ஆகிவிட்டது என்றால், கம்பெனி மேனுவலைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. தலைகீழாகச் செய்யும்போதுதான் பிரச்சினையே. கழற்றும்போது புவியீர்ப்பு நம் பக்கம், பூட்டும்போது அதற்கு எதிர்ப் பக்கம்.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. என் மேனுவலில் ஒவ்வொரு டார்க்கும் மூன்று அளவையில் இருக்கும். நியூட்டன் மீட்டர், கிலோ சென்டிமீட்டர், அப்புறம் அடி-பவுண்டு. சின்ன போல்ட்டுகளுக்கு மட்டும் அந்த மூன்றாவது சத்தமில்லாமல் இஞ்ச்-பவுண்டு ஆகிவிடும். என்ஜினின் மேல் மூடியான வால்வு கவரின் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 80 என்று இருந்தது. என் ரெஞ்ச்சில் இருந்த அடி-பவுண்டு கோட்டில் 80 வைத்தேன். பன்னிரண்டு மடங்கு. டிக் என்ற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே முறுக்கினேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கைக்கு என்னவோ வெண்ணெய் மாதிரி இளகியது, அப்புறம் டிக்கும் வந்தது, ரெஞ்ச்சிலிருந்து இல்லை. போல்ட்டின் தலை சாக்கெட்டுக்குள் இருந்தது, மீதி அலுமினிய ஹெட்டுக்குள். அந்த இளகலைப் பத்து வயதுப் பையனின் கைகூட உணர்ந்து நிறுத்தியிருக்கும். என் கை நிறுத்தவில்லை, ஏனென்றால் என் காது ஒரு எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஹப்பில் மாட்டிய தராசு

ஆனாலும் நான் மேனுவலை விடவில்லை. அதற்குக் காரணம் முன் சக்கரத்து பேரிங். கூம்பு உருளைகள் வைத்த டேப்பர் பேரிங்கை இறுக்குவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் “கொஞ்சம் டைட், அப்புறம் கொஞ்சம் லூஸ்” என்பார்கள். எந்தக் கொஞ்சம்? அதிகம் இறுகினால் சூடாகிக் கருகிவிடும், தளர்ந்தால் சக்கரம் ஆடும். நடுவில் இருக்கிற இடம் மயிரிழைதான். அதற்கு மேனுவலில் ஒரு வழி இருந்தது. நட்டை முதலில் நன்றாக முறுக்கு. சக்கரம் மாட்டும் குடமான ஹப்பை இரண்டு பக்கமும் பல சுற்று சுற்றி உருளைகளை அதனதன் இடத்தில் உட்கார வை. நட்டைத் தளர்த்து. மறுபடி மெல்ல இறுக்கு. பிறகு ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியை வீல் போல்ட்டில் மாட்டி, பக்கவாட்டில் இழு. ஹப் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்.

மீன், காய்கறி நிறுக்கும் தராசு போலத்தான் அதுவும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்து உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுப்புழுவாக எட்டிப்பார்க்கும்வரை திணித்து முடித்திருந்தேன். பிரேக் பேடு உரசினால் அளவு பொய்யாகிவிடும் என்பதால் பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். கொக்கியை மாட்டி இழுத்தேன். முள் ஏறியது, ஏறியது, 4 கிலோவைத் தாண்டியதும் ஹப் சோம்பல் முறிப்பதுபோல நகர்ந்தது. புத்தகம் கொடுத்த எல்லைக்குள். லாக் நட்டை முறுக்கிவிட்டு மறுபடி இழுத்தால் ஏறிவிட்டது, ஏனென்றால் லாக் நட்டும் கொஞ்சம் தள்ளும். மறுபடி பிரித்து, மறுபடி. நாலாவது தடவை சரியாக வந்தது. அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு ஒரு எடை கிடைத்துவிட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அடுத்த பக்கத்துச் சக்கரத்தைப் பிரிப்பதற்கு முன்னால், சும்மா ஒரு ஆசைக்கு, அதிலும் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். அது இரண்டு வருஷம் முன்பு அண்ணன் வெறும் கையால் இறுக்கியது. முள் எல்லைக்கு நடுவில் போய் நின்றது. என்னுடையதைவிட நடுவில்.

நான் விட்ட வரி

இனி புஷ். பின் ஸ்பிரிங்கின் முன் முனையில் சுருட்டிய வளையத்தை, கண் என்பார்கள், அதற்குள் இருக்கும் பெரிய புஷ் அது. சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலைத் தாங்கியிருந்த ஜாக்கியை மெல்ல இறக்கி ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டேன். பழைய புஷ்ஷின் ரப்பரை வெட்டி எடுத்தாயிற்று, வெளி இரும்புக் குழாய் மட்டும் கண்ணோடு ஒன்றாகத் துருப்பிடித்துப் போயிருந்தது. ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு, கண்ணில் படாமல் குழாயில் மட்டும் ஒரு கீறல் போட்டு, உளியால் மடக்கித் தட்டினால் வரும். வந்தது, ஒரு மணி நேரம் கழித்து. புதியதை மரை போட்ட ஒரு நீள ராடு, இரண்டு தடிமனான வாஷர், ஒரு துண்டுக் குழாய், இவற்றை வைத்து நட்டை முறுக்கி முறுக்கி இழுத்து உள்ளே ஏற்றினேன். போல்ட்டைப் போட்டேன். ரெஞ்ச்சில் எண்ணை வைத்தேன். டிக். எவ்வளவு அழகான டிக். அதற்கு அப்புறம் சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினேன்.

ஐந்து மாதம் கழித்து அதே போல்ட்டை உருவி எடுத்தபோது, ரப்பர் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். தேயவில்லை. உள் குழாயிலிருந்து வளையமாகக் கிழிந்திருந்தது, ஒரு பக்கம் மட்டும், துணியை முறுக்கிப் பிழிந்து அறுத்த மாதிரி. மட்டமான புஷ், ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலில் கடைக்காரரைத் திட்டினேன். மேனுவலை எடுத்தது வேறு புஷ் நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்தப் பக்கத்தில் டார்க் எண் மட்டும் மஞ்சள் பேனாவால் தீட்டப்பட்டுப் பளபளவென்று இருந்தது, தீட்டியது நான்தான். அதற்கு மேலே தீட்டாத இரண்டு வரிகள். வண்டியைத் தரையில் இறக்கவும். பின்பக்கத்தைப் பல முறை அழுத்தி ஆட்டி சஸ்பென்ஷனை நிலைப்படுத்தவும். இவை முடிந்த பிறகுதான், பிறகுதான், போல்ட்டை முறுக்கவும்.

படிக்காமல் விட்டேன் என்று சொன்னால் பொய். படித்தேன். அது சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தேன். சக்கரம் இல்லாமல் வண்டி உயரத்தில் நிற்கும்போது நீள ரெஞ்ச்சைத் தாராளமாக ஆட்டலாம், இறக்கிவிட்டால் அடியில் புகுந்து படுத்துக்கொண்டு முக்கால் அடி இடத்தில் மல்லுக்கட்ட வேண்டும். எண் ஒன்றுதானே, எங்கே வைத்து முறுக்கினால் என்ன?

எங்கே வைத்து முறுக்கினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வகைப் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் ரப்பர், அந்த ரப்பர் இரண்டோடும் ஒட்டியே வார்க்கப்பட்டது. வெளிக் குழாய் ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் இறுகியிருக்கிறது. போல்ட்டை முறுக்கியதும் உள் குழாயை சேஸிஸ் பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் கவ்விக்கொள்கின்றன. அதற்கு அப்புறம் எதுவும் எதன் மேலும் வழுக்காது. ஸ்பிரிங் மேலும் கீழும் போவதற்கு ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையைத் திருப்பிப் பாருங்கள். தோல் கொஞ்ச தூரம் கூடவே வரும், அப்புறம் வலிக்கும். நேராக இருக்கும்போது பிடித்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போகலாம். கடைசி வரை திருப்பி வைத்துக்கொண்டு பிடித்தால்? கை நேரான நிலைக்கு வரும்போதே தோல் முறுகிவிடும். நான் செய்தது அதுதான். ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருந்த நிலையில் முறுக்கினேன், அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிட்டது. வண்டி சும்மா நிற்கும்போதே முறுகிக்கொண்டு நின்றது, லோடு ஏற்றினால் இன்னும், பள்ளத்தில் விழுந்தால் இன்னும். ஐந்து மாதம் அது தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

தரையில் உட்கார்ந்து அந்தக் கிழிந்த வளையத்தை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தபோதுதான் பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணன் வேறொரு பிக்கப்புக்கு இதே வேலை செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் போட்டுக் கையால் மட்டும் நட்டைப் பிடித்துவிட்டு, வண்டியை இறக்கி, பின்னால் லோடு ஏற்றும் தொட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுத் தடவை குதித்தார். ஐம்பது வயசு ஆள், சின்னப் பையன் மாதிரி. “என்னண்ணே, லோடு டெஸ்ட்டா?” என்று கேட்டுச் சிரித்தேன். “உட்காரட்டும்பா” என்றார். இறங்கி, அடியில் புகுந்து, முனகிக்கொண்டே முறுக்கினார். சத்தம் வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். மேனுவல் சொன்ன இரண்டு வரியையும் அவர் என் கண் முன்னாலேயே செய்து காட்டியிருக்கிறார், அதுவும் புக்கைப் பார்த்து வண்டி வேலை முடியாது என்று சொன்ன மனிதர்.

கிழிந்த புஷ்ஷோடு போய் அவரிடம் நின்றேன். பார்த்ததும் “தொங்கவிட்டு டைட் பண்ணிட்டியா?” என்றார்.

“ஆமாண்ணே. தெரியலை.”

“அப்படி முறுக்கினா பிச்சுக்கும்.”

“ஏன்ணே பிச்சுக்குது?”

“ஏன்னா... பிச்சுக்கும்.” கொஞ்சம் யோசித்தார். “எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு. ஒரு தடவை அவசரத்துல மேலயே முறுக்கிட்டேன், ஸ்பேனராலயே ஒண்ணு போட்டாரு.”

என் மனசுக்குள் வருஷக்கணக்காக நடந்த வாதம் அங்கே கொஞ்சம் அசட்டுத்தனமாகிப் போனது. நான் புத்தகத்தின் கட்சி, அவர் கையின் கட்சி என்று பிரித்து வைத்திருந்தேன். காரணம் சொல்லாததில் இரண்டும் ஒரே கட்சி. மேனுவல் ஒரு வரியில் கட்டளை போட்டுவிட்டுப் போய்விடுகிறது, அவருடைய வாத்தியார் ஒரு அடியில் போட்டார். அவருக்கு அந்த அடி போதும், ஏனென்றால் அவர் அதை ஐநூறு தடவை செய்திருக்கிறார், விட்டுவிட முடியாத பழக்கமாகிவிட்டது. பத்து வருஷத்தில் இரண்டு தடவை புஷ் மாற்றுகிற என் மாதிரி ஆளுக்குப் பழக்கம் என்பதே உருவாகாது. எனக்கு இருக்கிற ஒரே பிடி காரணம்தான். அந்தக் காரணத்தை மேனுவல் எழுதவில்லை என்பதற்காக அது அங்கே இல்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன் பாருங்கள், அதுதான் அசல் தப்பு. ரப்பர் கிழிந்தது அதனால் வந்தது.

ஏன், ஏன், ஏன்

அதற்கு அப்புறம் வேலை மெதுவாகிவிட்டது. எந்த வரி சம்பிரதாயம் மாதிரி தெரிகிறதோ அங்கே நின்றுவிடுகிறேன். என்ஜினில் டைமிங் பெல்ட் போட்ட பிறகு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா பார் என்று ஒரு வரி உண்டு. ஏன் இரண்டு? கிராங்க் இரண்டு சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒன்று சுற்றும், அப்போதுதான் குறிகள் எல்லாம் மறுபடி ஒன்றாகக் கூடும். ஏன் கையால்? ஒரு பல் தள்ளிப் போட்டிருந்து பிஸ்டன் வால்வில் முட்டினால், கையில் இருக்கிற ஸ்பேனர் நின்றுவிடும், நாமும் நின்றுவிடலாம். செல்ஃப் மோட்டாருக்கு நிற்கத் தெரியாது, வால்வை வளைத்துவிட்டுத்தான் நிற்கும். இது தெரிந்த பிறகு அந்த இரண்டு சுற்றைத் தவிர்க்க யாருக்கு மனசு வரும்.

பிரேக் இன்னொன்று. பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்கிற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி, ஈரம் ஏறியதற்கு அதே விதி 140 என்று இறங்கிவிடுகிறது. அதனால் காலாகாலத்தில் மாற்றுகிறோம், சரி. நான் நாலு சக்கரத்திலும் பிளீடிங் செய்து, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, முடித்தும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மறுபடி நாலு, மறுபடி பஞ்சு. மேனுவலில் காற்று எடுக்கும் இடங்கள் ஐந்து இருந்தன. பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். தொட்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசாகிவிடுவதால் பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். லோடு ஏற்றினால் அதே சக்கரத்துக்கு அதிக பிரேக் வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அந்தக் கம்பி வழியாகத் தெரிந்துகொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அந்த வால்வின் வேலை. என் வண்டியில் அதற்கென்று தனி நிப்பிள், காற்று அங்கேதான் பதுங்கியிருந்தது. கூடுதல் பட்டை போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டுகிறவர்கள் இந்தக் கம்பியையும் சரிசெய்ய வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும், இல்லாவிட்டால் தொட்டி எப்போதும் காலி என்றே வால்வு நினைத்துக்கொண்டிருக்கும்.

டார்க் எண்ணும் எனக்கு இப்போது பழைய மாதிரி வேதவாக்கு இல்லை. நாம் கொடுக்கிற முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்குவதற்குப் போகிறது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பாதி தலைக்கு அடியில் உரசலில் போகும், மற்றது மரையின் உரசலில். துருப்பிடித்த மரையில் வாங்கிய டிக்கும், எண்ணெய் தடவிய மரையில் வாங்கிய டிக்கும் ஒன்று இல்லை. முதலாவதில் போல்ட் தளர்வாகவே இருக்கும், இரண்டாவதில் வேண்டியதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும். எண் அதேதான். அதனால் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கு நான் இப்போது முறுக்குவதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். எண்ணெய் தடவு என்று சொன்ன இடத்தில் மட்டும் தடவுகிறேன்.

எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்பு வைரம் போட்ட செப்பு வாஷரை நெருப்பில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போட்டு மறுபடி மெத்தென்று ஆக்கிப் பயன்படுத்தியிருக்கிறேன், ஒழுகவில்லை. அது எதற்காக வைரம் என்று தெரிந்ததால் செய்தேன். அமுங்கி இறுகிய செம்பு மறுபடி அமுங்காது, சூடு காட்டினால் அமுங்கும். ஆனால் நட்டு கழன்றுவிடாமல் மடக்கி விடும் காட்டர் பின்னை இரண்டாவது முறை மடக்கமாட்டேன். டீசல் பம்ப்பையும் பின் ஆக்சிலின் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனையும் தொடமாட்டேன், அவற்றின் காரணங்கள் எனக்கு இன்னும் எட்டவில்லை. இறுகிப்போன போல்ட்டை எப்படி எடுப்பது என்பதற்கு மேனுவலில் ஒரு எழுத்துகூட இல்லை, அதற்கு இன்றைக்கும் அண்ணன்தான். எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வை, தலையில் சுத்தியலால் தட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசை, அப்புறம் தளர்த்து, கத்துகிறதா கேள், கத்தினால் வரும், சத்தம் இல்லாமல் இளகினால் நிறுத்து, உடையப்போகிறது. அந்த வால்வு கவர் போல்ட்டின்போது இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது புஷ்ஷை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். போல்ட்டைக் கையால் மட்டும் பிடித்துவிட்டு வண்டியை இறக்கினேன், தொட்டியில் ஏறிக் குதித்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டுத் தடவை. அடியில் மல்லாந்து படுத்து, மூக்குக்கு நாலு விரல்கடை மேலே சேஸிஸ், ரெஞ்ச்சை ஒரு தடவைக்கு இரண்டு பல் வீதம் தள்ளித் தள்ளி முறுக்கினேன். ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டையும் இந்தத் தடவை புதிதாகப் போட்டிருந்தேன், அதையும் பக்கத்துக்கு நாலு நட்டு வீதம் குறுக்கும் நெடுக்குமாக, எண்ணுக்கு. முடித்துவிட்டு அண்ணனுக்கு போன் போட்டேன். “யூ போல்ட் புதுசா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி முறுக்கு. உட்காரும்.”

மேனுவலில் அந்த அத்தியாயம் முழுவதையும் தேடினேன், அப்படி ஒரு வரி இல்லை. ஏன்ணே என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. அடுக்கிய பட்டைகளுக்கு நடுவில் பெயின்ட்டும் துருவும் தூசியும் இருக்கும், ஓட ஓட அது நசுங்கும், பட்டைகள் நெருங்கும், போல்ட்டின் பிடி தளரும். நானே யோசித்துவிட்டேன். 104 கிலோமீட்டர் ஓடியதும் அடியில் புகுந்து அதே எண்ணில் ரெஞ்ச்சை வைத்தேன். எட்டு நட்டில் ஐந்து, டிக் வருவதற்கு முன்னால் கொஞ்சம் திரும்பின. ஒன்று ஏறக்குறைய கால் சுற்று. வெளியே வந்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில், மஞ்சள் தீட்டிய எண்ணுக்குக் கீழே, பென்சிலால் எழுதி வைத்தேன்: 100 ஓடிய பிறகு மறுபடி.